ஊராட்சி விளையாட்டுக் கூடமும் செலவுக் கணக்கும்

ஸ்தல ஸ்தாபனங்கள் நடத்துகின்ற விளையாட்டு மைதானம், உடற்பயிற்சிக் கூடம், பூங்கா முதலியவைகளால் செலவு ஏறுகின்றது, வருகின்றவர்களோ குறைவு. ஆதலால் தனிப்பட்ட முதலாளிகளிடம் ஒப்புவித்துவிட்டால் பணமும் மிஞ்சும், இடமும் சுத்தமாயிருக்கும் என்பதாக ஒரு பேச்சு அடிக்கடி கிளம்புகின்றது. இது பட்டணத்து விவகாரம், ஆவுடையார்கோவில் தாலுகா மீமிசலில் இருப்பவனுக்கு இதில் என்ன வந்தது என்று வாசகர்கள் தள்ளிவிடக் கூடாது. இன்று பட்டணத்தில் போடப்படுகின்ற கணக்குத்தான் நாளைக்குக் கிராமத்துக்கு உத்தரவாக வரும்.

சென்னை மாநகராட்சி 2024 அக்டோபர் கடைசியில் தனது கால்பந்து மைதானங்கள் 9ஐத் தனியாரிடம் விடுவதென்றும், ஆட வருகின்ற ஒவ்வொருவரிடமும் மணிக்கு 120 ரூபாய் வசூலிக்கலாமென்றும் தீர்மானித்தது. பல பக்கங்களிலிருந்தும் கண்டனம் கிளம்பவே, சில நாட்களுக்குள் அது கைவிடப்பட்டது. கைவிட்டது நல்லதுதான். ஆனால் அந்தக் கணக்கைச் சற்று பாருங்கள். தினம் ஒரு மணி நேரம் பந்து விளையாடுகின்ற பையனுக்கு மாதம் 3,600 ரூபாய் ஆகும். அந்த வருஷம் நூறு நாள் வேலைக்கு நமது ராஜ்யத்தில் சர்க்கார் நிர்ணயித்திருந்த கூலி நாளொன்றுக்கு 319 ரூபாய். அதாவது தகப்பன் பதினோரு நாள் மண் சுமந்த கூலி முழுவதையும் கொண்டுபோய்க் கொட்டினாலும் மகன் விளையாடிய பாக்கி தீராது. ஜனங்களை வரவிடாமல் செய்து செலவைக் குறைப்பது, பந்தியில் இலையை எடுத்துவிட்டு இன்றைக்குச் சோறு மிஞ்சிவிட்டது என்று சந்தோஷப்படுவது போன்றதேயாகும்.

நிற்க, நமது கிராமங்களின் சங்கதியோ வேறுவிதமானது. இங்கு விற்கப்படுவதில்லை, பூட்டப்படுகின்றது. 2016இல் 500 ஊராட்சிகளில் பூங்காவுக்கு 20 இலட்சமும் உடற்பயிற்சிக் கூடத்துக்கு 10 இலட்சமுமாகச் சர்க்கார் திட்டம் போட்டது. 2024இல் 12,525 ஊராட்சிகளுக்கும் விளையாட்டுச் சாமான்கள் வழங்க 86 கோடி ரூபாய்த் திட்டம் ஆரம்பிக்கப்பட்டது. வகுத்துப் பார்த்தால் ஊராட்சிக்கு 68,000 ரூபாய்க்கு மேல் வருகின்றது. திட்டத்துக்கு யார் பெயர் வைத்தார்கள் என்பதைப்பற்றி நமக்குக் கவலையில்லை. கொடுத்தது வாஸ்தவம். ஆனால் கட்டடத்துக்குப் பணம் ஒதுக்கியவர்கள் விளக்குக்கும், தண்ணீருக்கும், கழிப்பிடத்துக்கும், சொல்லிக் கொடுக்க ஒரு ஆளுக்கும் என்ன ஏற்பாடு செய்தார்கள்? யானை வாங்கியவன் அங்குசத்துக்குக் காசில்லை என்ற கதையாகவே பல ஊர்களில் கூடம் புதராகவும் சாமான் துருவாகவும் போய்விட்டன.

30 இலட்சம் போட்ட இடத்துக்குப் பத்துப் பேர் வந்தால் ஆளுக்கு 3 இலட்சம் செலவழித்தோம் என்று அர்த்தம். முந்நூறு பேர் வந்தால் ஆளுக்கு 10,000தான். ஆகவே செலவைக் குறைக்க வேண்டுமென்று உண்மையாகவே கவலைப்படுகின்றவர்கள் முதலில் கவலைப்பட வேண்டியது, ஜனங்கள் ஏன் வரவில்லை என்பதைப்பற்றியேயாகும்.

ஏன் வரவில்லை? முதலில் சாவியைக் கேளுங்கள். ஊர்ப்பொதுக் கூடத்தின் சாவி ஒரு தெருப் பெரிய மனிதர் வீட்டு ஆணியில் தொங்குமானால், மற்றத் தெருப் பையன் அந்த வாசலில் போய் நின்று கேட்பானா? பொதுப்பணத்தில் கட்டியதனாலேயே ஒன்று பொதுவாகிவிடாது. 2022 டிசம்பரில் இதே புதுக்கோட்டை ஜில்லாவில், வேங்கைவயலில் ஆதிதிராவிட மக்கள் குடிக்கின்ற தண்ணீர்த் தொட்டியில் மலத்தைக் கலந்தார்களே, அந்தத் தொட்டியும் பொதுப்பணத்தில் கட்டியதுதானே! ஆதலால் சாவி ஊராட்சி ஆபீசில் இருக்க வேண்டும். திறக்கின்ற நேரம் கதவில் எழுதியிருக்க வேண்டும்.

அடுத்தது பெண்கள். ஜனத்தொகையில் சரிபாதியை வெளியே நிறுத்திவிட்டு ஆள் வரவில்லை என்று பிரலாபிப்பதில் என்ன நியாயம்? வெளிச்சமும் கழிப்பிடமும் பெண் ஆசிரியையும் இல்லாத இடத்துக்கு எந்தப் பெண் வருவாள்? "நம் பெண்களுக்கு விளையாட்டு எதற்கு?" என்று கேட்கின்ற பெரியவர்கள், தண்ணீர்க் குடம் சுமக்கும்போது மட்டும் அந்த உடம்புக்குப் பலம் வேண்டுமென்று எதிர்பார்ப்பது ஏனோ தெரியவில்லை.

நேரத்தையும் கவனிக்க வேண்டும். மீமிசல் கடலோர ஊர். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகள் கடலுக்குப் போகக்கூடாதென்பது சட்டம். கோட்டைப்பட்டினம், ஜெகதாப்பட்டினம் பக்கமெல்லாம் வாலிபர்கள் அந்த 61 நாளும் கரையில்தான் இருப்பார்கள். பள்ளிப் பிள்ளைகளுக்கும் பெரும்பாலும் அப்போதுதான் விடுமுறை. ஒரு கைப்பந்துப் போட்டியோ கபடிப் பயிற்சியோ நடத்த இதைவிடத் தோதான காலம் உண்டா?

முதலாளியிடம் கொடுக்காமல் எப்படி நடத்த முடியும் என்பார்கள். லண்டனில் கிரீனிச் என்னும் பகுதி நகரசபைக்கு 1993இல் பணமுடை ஏற்பட்டபோது, அதன் விளையாட்டு நிலையங்களில் வேலை செய்தவர்களே ஒரு சங்கமாகச் சேர்ந்து நிலையங்களை நடத்தும் பொறுப்பை ஏற்றுக்கொண்டார்கள். லாபத்தைப் பங்கு போட்டுக்கொள்ள அங்கு முதலாளி கிடையாது. மிஞ்சியது திரும்பவும் நிலையங்களுக்கே போகவேண்டுமென்பது ஏற்பாடு. இப்போது அந்தச் சங்கம் இருநூற்றுக்கு மேற்பட்ட நிலையங்களை நடத்துகின்றது. அங்கு கட்டணம் உண்டு. அதை அப்படியே இங்கு காப்பியடிக்க வேண்டுமென்று நாம் சொல்ல வரவில்லை. இடம் ஊராட்சியினுடையதாகவே இருக்க, உபயோகிக்கின்றவர்களே கூடி நடத்தலாம் என்பதற்காகவே எடுத்துக்காட்டுகின்றோம். மீமிசலில் எல்லாத் தெருவுக்கும் ஒருவர், அதில் பாதிப்பேர் பெண்கள் என்று கமிட்டி போட்டால், பெருக்குவதற்கும் பழுது பார்ப்பதற்கும் கண்டிராக்டர் எதற்கு?

கிராம சபை வருஷத்தில் ஆறு தடவை கூடுகின்றது. ஜனவரி 26, மார்ச்சு 22, மே 1, ஆகஸ்டு 15, அக்டோபர் 2, நவம்பர் 1. அடுத்ததாக வருகின்ற கூட்டத்திற்குத் தோழர்கள் தவறாமல் போய், தலைமை வகிப்பவர் தலைவரானாலும் அதிகாரியானாலும் சரி, மூன்று கேள்வி கேட்க வேண்டும். 2024 திட்டத்துச் சாமான்கள் எங்கே? சாவி யாரிடம்? சென்ற மாதம் எத்தனை பேர் வந்தார்கள், அதில் பெண்கள் எத்தனை? பதிலைத் தீர்மானப் புத்தகத்தில் எழுதச் சொல்லி, எழுதியதைப் படித்துப் பார்த்த பிறகே கையெழுத்துப் போட வேண்டும்.