சிரிப்பு வேறு, பரிகாசம் வேறு



2005இல் விஜய் தொலைக்காட்சியில் தொடங்கிய ‘கலக்கப் போவது யாரு’ போன்ற நகைச்சுவை மேடைகள் நம் கீழப்பாவூர் வீடுகளிலும் இடம்பிடித்துவிட்டன. சிரிப்பதை மார்க்கம் தடுக்கவில்லை. நபி (ஸல்) அவர்களும் நகைச்சுவையாகப் பேசியுள்ளார்கள். அதிலும் உண்மையையே பேசினார்கள். அம்மேடைகளிலோ பருத்த உடலும் கறுத்த நிறமும் திக்குவாயும் சிரிப்புக்கு மூலதனம். சிறப்பு விருந்தினராக வரும் திரை நட்சத்திரம் கைதட்டியதும் பரிகாசம் பெருமையாகிவிடுகிறது.

மறுநாள் மதரஸாவில் ஒரு சிறுவன் சக மாணவனின் திக்கலைப் பாவனை செய்கிறான். மற்றவர்கள் அந்த விருந்தினரைப் போலவே கைதட்டுகிறார்கள். பரிகசிக்கப்படுவோர் பரிகசிப்போரைவிட மேலானவர்களாக இருக்கக்கூடும் என்று அல்லாஹ் எச்சரிக்கிறான் (அல்குர்ஆன் 49:11).

பரிகாசம் தொடங்கும்போதே தொலைக்காட்சியை அணைத்துவிட்டு, காரணத்தைப் பிள்ளைகளிடம் சொல்லுங்கள். அவர்களோடு அமர்ந்து நாமும் சிரித்துவிட்டு, பிறகு கண்டிப்பதில் பயனில்லை.