காவிரி பிறக்கிற ஊரிலிருந்து பனிமலைக்கு

தஞ்சாவூர்ப் பக்கம் பனி என்றால் அது மார்கழிப் பனிதான். விடியற்காலையில் சம்பா வயல் மேல் வெள்ளையாகப் படர்ந்து நிற்கும். வெயில் ஏறினால் இருந்த இடம் தெரியாது. காவிரிக்கரைப் பெண் ஒருவர் பனிச்சறுக்குப் போட்டிக்காக உலகம் சுற்றுகிறார் என்று இங்கே சொன்னால் யாரும் எளிதில் நம்ப மாட்டார்கள். ஆனால் அது உண்மை. கரைதான் கொஞ்சம் மேலே!

அவர் பெயர் பவானி தெக்கடா நஞ்சுண்டா. பவானி என்றதும் வாள்வீச்சு வீராங்கனை பவானி தேவிதான் நினைவுக்கு வருவார். இவர் வேறு பவானி. ஊர், கர்நாடகத்தின் குடகு. மேட்டூரைத் தாண்டி, கல்லணையில் பிரிந்து, டெல்டா வாய்க்கால்களில் ஓடும் தண்ணீர் தலைக்காவிரியில் பிறக்கிறதே, அந்தக் குடகுதான். காபி உண்டு, மிளகு உண்டு, கொட்டும் மழை உண்டு. பனி மட்டும் விழாது.

பனிச்சறுக்கு என்றால் மலை உச்சியிலிருந்து சர்ரென்று இறங்குவதைத்தான் டி.வி.யில் பார்த்திருப்போம். பவானியின் போட்டி வேறு. இதற்கு கிராஸ் கன்ட்ரி என்று பெயர். ஏற்றம், இறக்கம், சமதரை என்று எல்லாவற்றையும் சொந்தக் கால், கை பலத்திலேயே கடக்க வேண்டும். ஒல்லியான நீளப் பலகையில் காலணியின் முன்பக்கம் மட்டும் மாட்டியிருக்கும். குதிகால் மேலே எழும்பும். இரண்டு கையிலும் கோல். 10 கிலோமீட்டர் பந்தயத்தை உலகின் முன்னணிப் பெண்கள் அரை மணி நேரத்துக்குள் முடித்துவிடுகிறார்கள். தஞ்சாவூரிலிருந்து திருவையாறு போகிற தூரத்துக்குக் கொஞ்சம்தான் குறைவு!

மலையேற்ற ஆர்வத்தில் இமயமலைப் பக்கம் போன பவானி, அங்கேதான் பனிச்சறுக்கைப் பிடித்துக்கொண்டார். மூன்று வயதிலேயே பனியில் நடக்கப் பழகும் நார்வேக்காரர்களோடு, வளர்ந்த பிறகு கற்றுக்கொண்டவர் மோதுவது எவ்வளவு கஷ்டம்! ஆனாலும் காஷ்மீரின் குல்மார்க்கில் நடக்கும் கேலோ இந்தியா குளிர்கால விளையாட்டுகளில் கர்நாடகத்துக்குத் தங்கப் பதக்கங்கள் வாங்கித் தந்தார். 2023-ல் ஸ்லோவேனியாவின் பிளானிட்சாவில் நடந்த உலக சாம்பியன்ஷிப்பில் இந்தியாவுக்காக ஓடினார். 2025-ல் சிலி நாட்டில் நடந்த சர்வதேசப் போட்டியில், 5 கிலோமீட்டர் பிரிவில் வெண்கலம் வென்றார்.

சிலிக்கு ஏன் போக வேண்டும்? பூமத்திய ரேகைக்குத் தெற்கே பருவம் தலைகீழ். டெல்டாவில் குறுவை வளரும் ஜூலை, ஆகஸ்ட்டில் அங்கே பனிக்காலம். பனி இல்லாத ஊர்க்காரர் பனியைத் துரத்திக்கொண்டே இருக்க வேண்டும். விமான டிக்கெட், தங்குமிடம், பயிற்சியாளர், பலகைக்குத் தேய்க்கும் மெழுகு வரை எல்லாமே செலவு. பனி கிடைக்காத மாதங்களில் சக்கரம் வைத்த பலகையில், தார்ச்சாலையில்தான் பயிற்சி. இதை ரோலர் ஸ்கீ என்கிறார்கள். உலக சாம்பியன்களும் கோடையில் இப்படித்தான் பயிற்சி எடுக்கிறார்கள்.

'எத்தனையாவது இடம்?' என்று கேட்பதுதான் நம் வழக்கம். 2018 பியாங்சாங் ஒலிம்பிக்கில் 15 கிலோமீட்டர் ஓடிய இந்திய ராணுவ வீரர் ஜகதீஷ் சிங் 103-வதாக வந்தார். கேட்டால் உதட்டைப் பிதுக்குவோம். ஆனால் இதே விளையாட்டில் நடந்த இன்னொரு கதையையும் கேட்க வேண்டும்.

1998 நாகானோ ஒலிம்பிக். கென்யாவின் ஃபிலிப் போயிட் ஓட்டக்காரர். பனிச்சறுக்குக்கு வந்து இரண்டு வருடம்தான் ஆகியிருந்தது. 10 கிலோமீட்டர் போட்டியில் 92-வது, அதாவது கடைசி. தங்கம் வென்ற நார்வேயின் பியோர்ன் டேலி முடித்து 20 நிமிடம் ஆகியிருந்தது. டேலி போகவில்லை. பதக்க விழாவைத் தாமதிக்க வைத்துவிட்டு, எல்லைக்கோட்டிலேயே காத்திருந்து, மூச்சிரைக்க வந்த போயிட்டைக் கட்டிக்கொண்டார். பின்னாளில் போயிட் தன் மகனுக்கு வைத்த பெயர், டேலி!

அந்தத் தடத்தில் கடைசியாக வருவதற்கே எவ்வளவு உழைப்பு வேண்டும் என்பது முதலில் வந்தவருக்குத் தெரிந்திருந்தது.

வீட்டில் ஒரு பெண் ப்ளஸ் டூ முடித்துவிட்டு, 'மலையேறக் கற்றுக்கொள்ளப் போகிறேன்' என்று வந்து நின்றால், 'நம்ம ஊருக்கும் அதுக்கும் என்ன சம்பந்தம்?' என்று கேட்கத்தான் தோன்றும். கேட்கலாம், தப்பில்லை. ஆனால் கதவைச் சாத்திவிட வேண்டாம். பள்ளி, கல்லூரிகளில் என்.சி.சி. இருக்கிறது, அதில் மலையேற்ற முகாம்கள் உண்டு. குல்மார்க்கில் மத்திய அரசின் பனிச்சறுக்கு, மலையேற்றப் பயிற்சி நிறுவனம் இருக்கிறது. புதிதாகக் கற்க வருபவர்களுக்கும் அங்கே இடம் உண்டு. குடகிலிருந்து ஒருவர் போய்விட்டார். அதே தண்ணீரைக் குடிக்கும் தஞ்சாவூரிலிருந்து அடுத்தவர் போனால் என்ன?