பூஞ்சணம் பிடித்த நூல்கள்

பழைய நூல்களைத் தேடி வாங்கிக் கல்லூரி நூலகத்துக்கு வழங்க விழையும் அன்பர்க்கு ஒரு வார்த்தை. பூஞ்சணம் பிடித்த நூலை அவ்வாறே அடுக்கில் வைத்தல் தகாது. ஈரம் நிலவின் அயல்நூல்களிலும் அது பரவும். அதற்காக அதனை எரித்துவிடுதலும் முறையன்று. 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டபோது ஏறத்தாழ 97,000 நூல்கள் அழிந்தன. அவற்றுட் சிலவற்றின் வேறு பிரதிகள் நம் வீட்டுப் பெட்டகங்களில் இருத்தல் கூடும்.

ஆதலின் அத்தகைய நூலை வேறாக வைத்து, நிழலிற் காற்றோட்டமாக உலர்த்துக. முற்றும் உலர்ந்தபின், மூக்கையும் வாயையும் மூடிக்கொண்டு, வெளியிடத்தில் வைத்து மென்மையான தூரிகையால் துடைத்தெடுக்க. ஏடு உதிருமாயின், 2005 முதல் ஈழத்து நூல்களை இணையத்திற் பேணிவரும் ‘நூலகம்’ திட்டத்தினர் வாயிலாக மின்வடிவாக்குக. அட்டை அழகிழந்தாலும் எழுத்து எஞ்சுமாயின் அது நூலே.