நிலாவெளியின் கிணறுகளும் மூதூரின் பதினேழு பேரும்

2004 டிசம்பர் 26 ஆம் திகதி ஆழிப்பேரலை திருகோணமலைக் கரையோரத்தைத் தாக்கியபோது, நிலாவெளி போன்ற கிராமங்கள் இழந்தவற்றுள் அதிகம் பேசப்படாதது குடிநீராகும். கரையோர மணல் நிலத்தில் மழைநீர், உவர்நீரின் மேல் ஒரு மெல்லிய படையாகவே தங்கி நிற்கின்றது. கடல் புகுந்த கிணறுகளை அவசரப்பட்டு மீண்டும் மீண்டும் இறைத்ததால் அடியிலிருந்த உவர்நீர் மேலேறி, நிலைமை மேலும் மோசமடைந்த இடங்கள் கிழக்கில் பல. எந்தக் கிணற்றை இறைக்கலாம், எதனை மாரி மழை வரும்வரை விட்டுவைக்க வேண்டும் என்று அறிந்து செயற்படும் பணியாளர்கள் அன்று எங்கும் தேவைப்பட்டனர்.

அத்தகைய நீர், சுகாதாரப் பணிகளில் திருகோணமலை மாவட்டத்தில் ஈடுபட்ட நிறுவனங்களுள் ஒன்று 'அக்சன் பாம்' எனப்படும் பட்டினிக்கெதிரான பிரெஞ்சு அமைப்பாகும். 1979 இல் பாரிஸில் எழுத்தாளர்களும் மருத்துவர்களும் விஞ்ஞானிகளும் கூடி இதனை ஆரம்பித்தனர். இயற்பியலுக்கான நோபல் பரிசு பெற்ற அல்பிரட் கஸ்லர் அதன் முதல் தலைவரானார். ஆப்கான் அகதிகளுக்கு உதவுவதில் தொடங்கிய அதன் பணி, 1996 இல் இலங்கையை வந்தடைந்தது. பணமும் பெயரும் பாரிஸுக்குரியவையாயினும் களத்தில் நின்றவர்கள் நம்மவர்களே.

2006 ஆகஸ்ட் முதல் வாரத்தில் நிகழ்ந்ததை நாம் மறந்துவிட முடியாது. திருகோணமலை நகருக்கு வடக்கே நிலாவெளி இருப்பதுபோல, தெற்கே கொட்டியாரக் குடாவுக்கு அப்பால் மூதூர் உள்ளது. மாவிலாறு அணைக்கட்டு விவகாரத்தைத் தொடர்ந்து அங்கு மோதல் மூண்டது. ஆயிரக்கணக்கான முஸ்லிம் குடும்பங்கள் மூதூரை விட்டுக் கந்தளாய்ப் பக்கமாக வெளியேறின. திரும்பிவர வழியின்றி அலுவலகத்திலேயே தங்கியிருந்த இந்நிறுவனத்தின் 17 பணியாளர்கள் ஆகஸ்ட் 4 ஆம் திகதியளவில் சுட்டுக்கொல்லப்பட்டனர். நிறுவனத்தின் மேலாடையுடனேயே பலரது சடலங்கள் அலுவலக வளவில் குப்புறக் கிடந்தன. கொல்லப்பட்டவர்களில் 16 பேர் தமிழர், ஒருவர் முஸ்லிம், நால்வர் பெண்கள்.

அம்மாத இறுதியிலேயே யுத்தநிறுத்தக் கண்காணிப்புக் குழு அரச படையினர் மீது பொறுப்பைச் சுமத்தியது. அரசாங்கம் அதனை மறுத்தது. பின்னர் அமைக்கப்பட்ட உடலாகம ஆணைக்குழுவோ இராணுவத்தை விடுவித்து, புலிகளையும் முஸ்லிம் ஊர்காவற்படையினரையும் நோக்கி விரல் நீட்டியதாக 2009 இல் செய்திகள் வெளிவந்தன. மனித உரிமைகளுக்கான பல்கலைக்கழக ஆசிரியர்கள் அமைப்பு 2008 இல் வெளியிட்ட அறிக்கையில் ஊர்காவற்படை வீரர் ஒருவரின் பெயருடன் பொலிஸார் இருவரின் பெயர்களும் இருந்தன. கடற்படையின் விசேட அணியினர் உடனிருந்தமையும் கூறப்பட்டிருந்தது. இவற்றுள் ஒரு பாதியை மட்டும் எடுத்துக்கொண்டு முழுச் சமூகத்தின் மீதும் பழியேற்றுவது, ஏற்கெனவே பிளவுண்டிருந்த மூதூரில் யாருக்கு உதவியது என்பதை வாசகர்கள் அறிவர். அதே வளவில் ஒரு முஸ்லிம் இளைஞனும் கொல்லப்பட்டுக் கிடந்தான் என்பது அப்பேச்சுகளில் பெரும்பாலும் இடம்பெறவில்லை.

நிறுவனத்தின் மீதும் கேள்வி உண்டு. நிலைமை மோசமடைந்திருந்த வேளையில் உள்ளூர்ப் பணியாளர்களை மூதூருக்கு அனுப்பியதும், காத்திருக்குமாறு கூறியதும் சரியா? இக்கேள்வி கொலையாளிகளின் பொறுப்பை எவ்வகையிலும் குறைக்காது. ஆயினும் போர்முனைகளில் உயிராபத்தை அதிகம் சுமப்பவர்கள் உள்ளூர்ப் பணியாளர்களே என்பதால் அதனைக் கேட்காதிருக்கவும் முடியாது. வெளிநாட்டவருக்கு வெளியேறும் வழியொன்று இருக்கும். இவர்களுக்கோ வீடும் அதே களத்தில்தான்.

உள்நாட்டு விசாரணையில் நம்பிக்கையிழந்த நிறுவனம் 2008 இல் இலங்கையை விட்டு வெளியேறியது. தான் திரட்டிய சான்றுகளுடன் 2013 டிசம்பரில் அரச படையினர் மீது வெளிப்படையாகக் குற்றஞ்சாட்டியது. இருபது ஆண்டுகளாக அரசாங்கங்கள் மாறிவந்தபோதும், இக்கொலைகளுக்காக எவரும் தண்டிக்கப்படவில்லை.