மழலையர் ஆசிரியர்க்கு வழிகாட்ட வருவார் யார்?

நாற்றங்கால் சீராக இருந்தால்தான் நடவு வயல் விளையும். உழவர் அனைவரும் அறிந்த இவ்வுண்மையைக் கல்வியாளர் பலர் மறந்து விடுகின்றனர். கல்லூரிப் பேராசிரியர்க்குக் காட்டப்பெறும் மதிப்பில் பத்தில் ஒரு பங்கேனும், மூன்று அகவைக் குழந்தையை மடியில் அமர்த்திச் சொல் பயிற்றும் பெண்ணுக்குக் காட்டப்பெறுவதில்லை. ஆனால், தாயின் கைப்பிடியை விட்டு வெளியே வரும் குழந்தை முதன்முதலில் நம்பிப் பற்றுவது அப்பெண்ணின் விரலைத்தான். அவர் எம்மொழியில் சிரிக்கின்றாரோ அதுவே அறிவின் மொழி என்று அக்குழந்தை கொள்கின்றது. அவர் எதனை இழிவென்று ஒதுக்குகின்றாரோ அதனைத் தானும் இழிவென்றே எண்ணி வளர்கின்றது.

அத்தகைய பெண்களுக்குப் பயிற்சி அளிக்கும் நாளில் சிறப்புரையாற்ற அழைக்கப்பெறுவோர் யார்? வினா சிறிது, விளைவோ பெரிது.

1975-ஆம் ஆண்டு அக்குதோபர் 2-ஆம் நாள் 33 வட்டாரங்களில் தொடங்கப்பெற்ற ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டம் இன்று இந்தியா முழுமையும் பரவியுள்ளது. தமிழ்நாட்டில் மட்டும் 54,000-க்கு மேற்பட்ட குழந்தைகள் மையங்கள் உள்ளன. மக்கள் 'அங்கன்வாடி' என்று வழங்குவது இவற்றையே. அங்குள்ள பணியாளர் குழந்தைகளை எடை பார்க்கின்றார், உணவைக் கண்காணிக்கின்றார், பதிவேடுகளை நிரப்புகின்றார், கைப்பேசியில் கணக்கேற்றுகின்றார், தடுப்பூசிக்குத் தாய்மாரை அழைக்கின்றார். இவற்றினிடையே கற்பிக்கவும் வேண்டும். இச்சுமையை இறக்கி வைத்துவிட்டுத் தம் பணியைப் பற்றி அமைதியாக எண்ணிப் பார்க்க அவர்க்கு வாய்க்கும் நாள்கள் ஆண்டில் மிகச் சில. அச்சில நாள்களில் ஒரு மணிநேரம் வீணாவதும் கேடே.

ஆனால் பல இடங்களில் நடப்பதென்ன? காலத்தாழ்வாக ஒரு பெரியவர் வருகின்றார். மாலை, பொன்னாடை, வரவேற்புரை. பின்னர்த் திரையில் ஆங்கிலச் சொற்றொடர்கள் ஒளிர்கின்றன. வந்தவர் அவற்றைப் படிக்கின்றார். இடையிடையே தமிழ் வினைச்சொற்களை ஒட்டுப் போடுகின்றார். முன்வரிசையில் இருப்போர் தலையசைக்கின்றனர். பின்வரிசையில் இருப்போர் வீட்டுக்குச் செல்லும் பேருந்தின் நேரத்தை எண்ணிக்கொண்டிருக்கின்றனர். கைதட்டலுடன் கூட்டம் முடிகின்றது. மறுநாள் காலை மையத்தைத் திறக்கும் பணியாளர் கையில் புதிய பாட்டு ஒன்றுமில்லை. புதிய ஆட்டம் ஒன்றுமில்லை. மனத்தில் மட்டும் புதிய தாழ்வுணர்ச்சி ஒன்று உண்டு: 'அறிவு என்பது ஆங்கிலத்தில் இருப்பது, நமக்குத் தெரிந்ததெல்லாம் அறிவன்று' என்பதே அது. அத்தாழ்வுணர்ச்சி அவரோடு நிற்பதில்லை. அடுத்த நாளே அது குழந்தையைச் சென்று சேர்கின்றது.

இதற்கு வாயில் திறந்து வைத்தோர் ஆட்சியாளரே. 2019-இல் அரசு நடுநிலைப் பள்ளி வளாகங்களில் இயங்கிய 2,381 மையங்களில் தமிழ்நாட்டரசு தொடங்கிய வகுப்புகளுக்கு எல்.கே.ஜி., யு.கே.ஜி. என்பனவே பெயர். 2023 மே 10-ஆம் நாள் நடுவணரசு இப்பணியாளர்க்கெனத் தொடங்கிய பயிற்சித் திட்டத்துக்கோ 'போசண் பீ படாயி பீ' என்று பெயர். ஊட்டமும் வேண்டும், படிப்பும் வேண்டும் என்னும் நல்ல கருத்தைத் தமிழ்ப் பெண்ணுக்குச் சொல்ல இந்திப் பெயர் எதற்கு? வகுப்பின் பெயரில் ஆங்கிலம், பயிற்சியின் பெயரில் இந்தி என்றால், மேடைப் பேச்சில் தமிழ் எப்படி நிலைக்கும்?

உலகம் காட்டும் பாடம்

மழலைக் கல்விக்கு வழிவகுத்தோர் வரலாறு இதற்கு நேர்மாறான பாடத்தையே புகட்டுகின்றது.

செருமானியராகிய பிரோபெல் 1837-இல் சிறுவர்க்கான தம் நிலையத்தைத் தொடங்கினார். 1840-இல் அதற்குக் 'குழந்தைத் தோட்டம்' என்று தம் தாய்மொழியிலேயே பெயரிட்டார். 1844-இல் அவர் வெளியிட்ட நூல் தாய்மார் பாடும் பாட்டுகளையும் விரல் விளையாட்டுகளையும் பற்றியதாகும். குழந்தையோடு கொஞ்சும் தாயைத் தமக்கு ஆசிரியராகக் கொண்டவர் அவர்.

1939-இல் சென்னை அடையாற்றுக்கு வந்து ஆசிரியர்க்குப் பயிற்சியளித்த மரியா மாண்டிசோரி அம்மையார் தம் தாய்மொழியாகிய இத்தாலியத்திலேயே உரையாற்றினார். அவர் மகன் மாரியோ அதனை ஆங்கிலத்தில் பெயர்த்தார். தம் மொழியிற் பேசியதால் அம்மையாரின் பெருமை ஒரு கடுகளவும் குறையவில்லை. பல மொழியினர் கூடியிருந்த அவ்வவையில் ஆங்கிலப் பெயர்ப்புக்குத் தேவை இருந்தது. தமிழச்சியரே கூடியிருக்கும் வட்டாரப் பயிற்சிக் கூடத்தில் அத்தேவை எங்கிருந்து வந்தது?

குசராத்தின் பாவநகரில் 1920-இல் மழலைப் பள்ளி தொடங்கிய கீசுபாய் பதேக்கா கல்வித்துறையில் பட்டம் பெற்றவரல்லர், வழக்கறிஞர். குழந்தைகளுக்காகத் தொழிலையே துறந்த அவரை மக்கள் 'மீசை முளைத்த தாய்' என்று அழைத்தனர். அவரோடு பணியாற்றிய தாராபாய் மோடக் அம்மையார் பின்னர் மராட்டிய மாநிலத்தின் போர்டியிலும் கோசுபாட்டிலும் பழங்குடிக் குழந்தைகளைத் தேடி அவர்தம் குடியிருப்பு முற்றத்துக்கே பள்ளியைக் கொண்டு சென்றார். 'அங்கன்' என்பதன் பொருளே முற்றம் என்பதுதான். முற்றத்தில் பிறந்த கல்விக்கு வழிகாட்டுவோரை முற்றத்தில் தேடாமல் குளிரூட்டிய அரங்கில் மட்டும் தேடுவது எவ்வகையில் பொருந்தும்?

நம்மிடம் இல்லையா?

தமிழர்க்கு இத்துறையில் பிறர் வாயிலில் நிற்க வேண்டிய நிலை இல்லை. பிள்ளைத்தமிழை எண்ணிப் பாருங்கள். செங்கீரை ஆடுதல், தாலாட்டுக்கு உறங்குதல், கை கொட்டுதல், தளர்நடையிட்டு வருதல், நிலவை அழைத்தல், மணல்வீடு சிதைத்தல், சிறுபறை முழக்கல், சிறுதேர் உருட்டல் என்று குழந்தையின் உடலும் உள்ளமும் வளரும் படிகளை வரிசைப்படுத்திப் பாடிய இலக்கியம் அது. இதனை ஒரு தமிழாசிரியர் அரைமணி நேரம் எளிய தமிழில் விளக்கி, ஒவ்வொரு படிக்கும் ஓர் ஆட்டத்தைச் செய்து காட்டினால், எந்த ஆங்கிலப் படவில்லை அதற்கு ஈடாகும்?

ஊர்தோறும் தாலாட்டுப் பாடும் முதுபெண்டிர் இன்றும் உள்ளனர். கடற்கரைத் தாலாட்டில் வலையும் தோணியும் வரும். உழவர் தாலாட்டில் ஏரும் கதிரும் வரும். மாமன், அத்தை, பாட்டி என்று உறவுமுறை முழுவதும் அதில் வரும். பனையோலையில் காற்றாடியும் கிலுகிலுப்பையும் முடையும் கைவினைஞர் உள்ளனர். களிமண்ணில் மாடும் வண்டியும் செய்யும் குயவர் உள்ளனர். பாவைக்கூத்துக் கலைஞர் உள்ளனர். திக்கிப் பேசும் குழந்தையை எப்படிப் பேச வைப்பது, செவி கேளாமையை எப்படி முன்னரே கண்டறிவது என்று தமிழில் சொல்லவல்ல மருத்துவர் உள்ளனர். குறையுள்ள பிள்ளையை வளர்த்து ஆளாக்கிய தாயர் உள்ளனர். எல்லார்க்கும் மேலாக, முப்பதாண்டு ஒரே மையத்தில் பணியாற்றி, அழுது வந்த குழந்தையைச் சிரித்துக்கொண்டே திரும்பச் செய்யும் மூத்த பணியாளர் அதே வட்டாரத்தில் உள்ளார். அவரை மேடையேற்ற ஒருவரும் எண்ணுவதில்லை!

குழந்தைப் பாவலர் அழ. வள்ளியப்பா (1922–1989) பணியாற்றியது வங்கியில். அவர் பாட்டுகள் வாழ்வதோ குழந்தைகள் நாவில். பதவியைப் பார்த்துப் பேச்சாளரைத் தேர்வோர் இதனை உன்னுதல் வேண்டும்.

தேர்வுக்கு மூன்று கேள்விகள்

பயிற்சியை அமைப்போர், அழைக்கக் கருதும் ஒவ்வொருவரைப் பற்றியும் மூன்று கேள்விகளைக் கேட்டுக்கொள்வது நலம்.

முதலாவது: இவர் ஆறு அகவைக்குட்பட்ட குழந்தைகளோடு தரையில் அமர்ந்து பழகியவரா? நூலறிவு மட்டும் இருப்பின் அதனை நூலாகவே கொடுத்துவிடலாம்.

இரண்டாவது: கேட்போரின் தமிழில் இவரால் தடையின்றிப் பேச முடியுமா? திருவள்ளுவர் சொல்வன்மையை ஓர் அதிகாரத்திலும் அவையறிதலை வேறோர் அதிகாரத்திலும் தனித்தனியே வைத்தார். சொல்லத் தெரிவது வேறு, கேட்போரை அறிந்து சொல்வது வேறு என்பதை அப்பிரிவே உணர்த்துகின்றது.

மூன்றாவது: இவர் பேசிச் சென்ற மறுநாள், பணியாளர் தம் மையத்தில் புதிதாகச் செய்யப்போவது என்ன? ஒரு பாட்டு, ஒரு கதை, ஒரு விளையாட்டுப் பொருள், குழந்தையை நோக்கும் புதியதொரு பார்வை, இவற்றுள் ஒன்றேனும் எஞ்சாவிடின் அவ்வுரை காற்றில் கரைந்ததே.

தடையும் விடையும்

'ஊர்ப் பாட்டியை மேடையேற்றினால் அவர்க்குப் பேசத் தெரியுமா?' என்று கேட்பார் உளர். நேர்மையான கேள்வியே. ஒலிவாங்கியின் முன் நிறுத்தினால் அவர் நாணித் தடுமாறக்கூடும். ஆகவே மேடையை நீக்குங்கள், வட்டமாக அமருங்கள், பயிற்றுநர் முன்னரே அவர் வீட்டுக்குச் சென்று உரையாடி, என்னென்ன கேட்பது என்று குறித்து வைத்திருக்கட்டும். வினாவும் விடையுமாகச் சென்றால் பாட்டியின் நாவு தானே திறக்கும். அவர் பாடுவதை எழுதியும் ஒலிப்பதிவு செய்தும் காப்பது பயிற்றுநரின் கடமை.

பழையதெல்லாம் நல்லதென்பதும் இல்லை. பூச்சாண்டி காட்டி அச்சுறுத்தும் கதையும், பெண்பிள்ளையைத் தாழ்த்தும் பாட்டும், சாதி இறுமாப்பைக் குழைத்தூட்டும் சொல்லும் நம் மரபில் கலந்துள்ளன. புடைத்துப் பதர் நீக்கியே நெல்லைக் கொள்ளுதல் வேண்டும். அவ்வாறே, அயல்நாட்டார் கண்ட உண்மைகளும் வேண்டாதவை அல்ல. அவை தமிழில் வருக. தமிழ்க் குழந்தைக்குப் பொருந்துமாறு வருக.

இன்னொன்றும் உண்டு. நகரத்துப் பேச்சாளர்க்கு மகிழுந்தும் மதிப்பூதியமும், ஊர்க் கலைஞர்க்கு ஒரு பொன்னாடையும் நன்றியும் என்னும் வேறுபாடு ஒழிய வேண்டும். ஓலை முடைபவரின் ஒருநாள் கூலி இழப்பைப் பொன்னாடை ஈடு செய்யாது. அறிவுக்குக் கொடுக்கும் விலையில் ஏற்றத்தாழ்வு காட்டினால், யாருடைய அறிவு மதிக்கத்தக்கது என்பதையும் அங்கிருக்கும் பணியாளர்க்குச் சேர்த்தே கற்பிக்கின்றோம்.

தமிழ்ப்பற்றுடையோர் ஆட்சியாளரைக் குறைகூறுவதோடு நின்றுவிடலாகாது. ஒவ்வொருவரும் தத்தம் ஊரில் பாட்டும் கதையும் கைவினையும் அறிந்தோர் ஐவர் பெயரைத் திரட்டி, அருகிலுள்ள குழந்தைகள் மையத்துக்கும் வட்டார அலுவலர்க்கும் கொடுக்கலாமே! அதற்கு அரசாணை எதுவும் தேவையில்லை. நாற்றங்காலுக்கு நீர் பாய்ச்ச நாளை என்பது வேண்டா; இன்றே மடை திறக்கட்டும்!