கேட்பவர்கள் என்ன கேட்கிறார்கள்?

தோழர்களே,

போன மாதம் எங்கள் வாசகர் வட்டத்தில் ஒரு சண்டை. புத்தகத்துக்காக இல்லை, பாட்டுக்காக. கறுப்பு எழுத்து பற்றித் தொடர்ந்து பேசி வருகிறோம். இந்த முறை படிப்பதற்குப் பதிலாகக் கேட்போம் என்று முடிவு செய்து, அமெரிக்கக் கறுப்பினப் பாடகி டிரேசி சாப்மனின் 'கிராஸ்ரோட்ஸ்' தொகுப்பைப் போட்டோம். 1989 அக்டோபரில் வந்தது. பத்துப் பாட்டு. பத்தும் அவரே எழுதிப் பாடியவை.

பாட்டு முடிந்ததும் ஆளாளுக்கு ஒரு பக்கம் இழுத்தார்கள். "குரல் நல்லாத்தான் இருக்கு தோழர். ஆனா கோபமே இல்லையே. கிதாரை வச்சுக்கிட்டு முணுமுணுத்தா விடுதலை வந்துருமா?" என்றார் ஒரு மாணவத் தோழர். "எனக்கு நேர்மாறாத் தோணுது. எல்லாமே பிரச்சாரமா இருக்கு, மனசுல ஒட்டல" என்றார் இன்னொருவர். ஒரு பெண் தோழர் மட்டும், "அந்தக் கடைசிப் பாட்டை மறுபடி போடுங்க" என்றார். போட்டோம். அதன்பிறகு அவர் எதுவும் பேசவில்லை. நாங்களும் அவரைப் பேசச் சொல்லிக் கேட்கவில்லை. நாங்கள்தான் கத்திக்கொண்டிருந்தோமே!

திரும்பி வரும்போதுதான் எனக்கு உறைத்தது. இந்தச் சண்டை புதிதல்ல. அந்தத் தொகுப்பு வந்தபோது அந்த நாட்டிலேயே நடந்த சண்டைதான் இது. அதைக் கொஞ்சம் விரிவாகப் பேசவேண்டும் என்று தோன்றியது.

சாப்மன் 1964-இல் ஒஹையோ மாநிலத்தின் கிளீவ்லாந்து நகரில் பிறந்தவர். தாய் தனியாக வளர்த்த பிள்ளை. உதவித் திட்டம் ஒன்றின் மூலம் கனெடிகட்டில் உள்ள உறைவிடப் பள்ளிக்குப் போனார். பிறகு டஃப்ட்ஸ் பல்கலைக்கழகத்தில் மானிடவியல் படித்தார். படிக்கிற நாட்களிலேயே ஹார்வர்டு சதுக்கத்தில் தெருவோரம் நின்று பாடினார். 1988 ஏப்ரலில் முதல் தொகுப்பு வெளிவந்தது. அந்த ஆண்டு ஜூன் 11 அன்று, நெல்சன் மண்டேலா சிறைக்குள் இருக்கும்போதே, அவருடைய 70-ஆவது பிறந்தநாளை ஒட்டி லண்டன் வெம்ப்ளி அரங்கில் இசை நிகழ்ச்சி நடந்தது. ஸ்டீவி வொண்டரின் கருவிக்கு வேண்டிய வட்டு காணாமல் போக, இடைவெளியை நிரப்ப ஏற்கெனவே பாடி இறங்கியிருந்த இந்த இளம்பெண்ணை மறுபடி மேடையேற்றினார்கள். ஒற்றைக் கிதார், ஒற்றைக் குரல். 'ஃபாஸ்ட் கார்' பாட்டு உலகம் முழுக்கப் போய்ச் சேர்ந்தது அன்றுதான். அதே ஆண்டு செப்டம்பர் 30 அன்று ஆம்னெஸ்டியின் மனித உரிமை இசைப் பயணத்தில் புதுதில்லிக்கும் வந்து பாடினார். முதல் தொகுப்பு அமெரிக்காவிலும் பிரிட்டனிலும் விற்பனைப் பட்டியலின் உச்சிக்குப் போனது. 1989-இல் மூன்று கிராமி விருதுகள் கிடைத்தன.

அடுத்து வந்ததுதான் 'கிராஸ்ரோட்ஸ்'. பிரிட்டனில் இதுவும் முதலிடம் பிடித்தது. அமெரிக்காவில் ஒன்பதாம் இடத்துக்கு மேல் ஏறவில்லை. விமர்சகர்கள் இரண்டுபட்டார்கள். முதல் தொகுப்பின் நிழல்தான் இது என்றார்கள் சிலர். முன்னே கதை சொன்னவர் இப்போது பிரசங்கம் செய்கிறார் என்றார்கள் சிலர். 'ஃபாஸ்ட் கார்' பாட்டில் வரும் ஏழைப்பெண், குடிகார அப்பாவைப் பார்த்துக்கொள்ளப் படிப்பை விட்டவள். அவளுக்காக உருகத் தெரிந்தது. 'சப்சிட்டி' பாட்டில் வரும் பெண் நகரத்தின் அடியிலிருந்து நாட்டின் ஜனாதிபதியையே பார்த்துப் பேசுகிறாள். உடனே அது பிரசங்கமாகிவிட்டது! தோழர்களே, கவனியுங்கள். நாம் அழுதால் அது கலை. நம்மை அழவைத்தவனைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டால் அது பிரச்சாரம். இந்த அளவுகோல் நமக்குப் புதிதா என்ன? நம் கவிதைகளை எடைபோடும் தராசும் இதே கடையில் வாங்கியதுதான்.

ஆனால் எதிர்ப்பு அந்தப் பக்கமிருந்து மட்டும் வரவில்லை. கறுப்பின மக்களுக்குள்ளிருந்தும் வந்தது. 'பப்ளிக் எனிமி' குழுவின் சக் டி, சாப்மனின் பாட்டு கறுப்பர்களுக்கு ஒட்டவே ஒட்டாது என்ற பொருளில் கடுமையாகப் பேசினார். அவர் சாதாரண ஆள் இல்லை. 1980-களின் கடைசியில் கறுப்பின இளைஞர்களின் கோபத்தை ராப் இசையில் முழங்கியவர். அவருடைய கேள்வியில் நியாயமும் உண்டு. சாப்மனின் கச்சேரிகளுக்கு வந்தவர்களில் பெரும்பாலோர் வெள்ளையர்கள், அதிலும் கல்லூரிப் பிள்ளைகள். நம் வேதனையைப் பாடி, யாருடைய மனசாட்சியைத் தடவிக் கொடுக்கிறோம்? இந்தக் கேள்வியைத் தட்டிக் கழிக்க முடியாது. ஆதிக்கசாதி வாசகர்கள் 'உச்சு' கொட்டுவதற்காகவா நாம் எழுதுகிறோம் என்று இதே பக்கங்களில் நாமும் கேட்டிருக்கிறோம்.

இருந்தாலும் அந்தக் கேள்வி பாதியில் நின்றுவிடுகிறது. கறுப்பர்கள் ஏன் கேட்கவில்லை என்று பாடகியிடம் கேட்டார்கள். அவர்கள் காதுக்குப் போகும் வழியை யார் வைத்திருக்கிறார்கள் என்று கேட்கவில்லை. ராப், ஆர் அண்ட் பி என்றால் கறுப்பு வானொலி, கிதார் என்றால் வெள்ளை வானொலி என்று கடை பிரித்து வைத்திருந்தது இசைத் தொழில். சேரிக்கு ஒரு வழி, ஊருக்கு ஒரு வழி மாதிரிதான். அந்தக் கிதார்ப் பாட்டு வெள்ளையர் சொத்தா? பேஞ்சோ என்கிற நரம்புக் கருவி, ஆப்பிரிக்காவிலிருந்து அடிமைகளாகக் கொண்டுவரப்பட்டவர்களின் கைவழியே அமெரிக்காவுக்கு வந்தது. லெட் பெல்லி பன்னிரண்டு தந்திக் கிதாரோடு பாடிய கறுப்பர். 1963 வாஷிங்டன் பேரணியில் பாடிய ஒடெட்டா கறுப்பினப் பெண். நம்மிடமிருந்து போன பொருளை நம் கையில் பார்த்துவிட்டு, 'இது உன்னுடையது இல்லையே' என்று நம்மவரே சொல்வதைவிடக் கொடுமை உண்டா?

ஒப்புக்கொள்கிறேன், நானும் அப்படிச் சொன்னவன்தான். தொண்ணூறுகளில் நண்பர் ஒருவர் இந்தத் தொகுப்பை ஒலிநாடாவில் பதிந்து கொடுத்தார். இரண்டு பாட்டுக் கேட்டுவிட்டு, "பறை அதிராத பாட்டு நமக்கு எதுக்குப்பா" என்று திருப்பிக் கொடுத்துவிட்டேன். அப்போது அது பெரிய அரசியல் தெளிவு என்று நினைத்தேன். இப்போது யோசித்தால் வெட்கமாக இருக்கிறது. வெள்ளை விமர்சகன் அழச் சொன்னான், நான் அடிக்கச் சொன்னேன். அந்தப் பெண் என்ன பாடுகிறார் என்று இரண்டு பேருமே கேட்கவில்லை.

என்னதான் பாடுகிறார்? 'கிராஸ்ரோட்ஸ்' என்றால் நாற்சந்தி. அமெரிக்கத் தென்பகுதிக் கறுப்பர்களின் கதைகளில், நடுராத்திரியில் பிசாசோடு பேரம் நடக்கும் இடம். ராபர்ட் ஜான்சன் 1936-இல் பதிவு செய்த புகழ்பெற்ற புளூஸ் பாட்டும் அந்தச் சந்தியைப் பற்றியதே. அவர் பிசாசிடம் ஆன்மாவை விற்று வித்தை வாங்கினார் என்று கதை கட்டினார்கள். முச்சந்தியில் கழிப்புக் கழிக்கும் நம் ஊர்க்காரருக்கு இது சட்டென்று புரியும். திடீர்ப் புகழ் வந்த இரண்டாண்டுக்குள் சாப்மன் அந்தச் சந்தியில் நின்று, சுற்றி நின்று விலை பேசுகிறவர்களைப் பார்த்து 'விற்க மாட்டேன்' என்கிறார். யார் அந்தப் பிசாசுகள்? கம்பெனி மட்டும்தானா? 'இப்படிப் பாடு' என்று ஆணையிடும் ரசிகன், விமர்சகன், இயக்கக்காரன் எல்லோரும்தான். தன்மேல் வரப்போகும் விமர்சனத்துக்கு அந்தத் தொகுப்பின் முதல் பாட்டே பதில் சொல்லிவிட்டது.

கடைசிப் பாட்டில் ஒரு தாய் மகளுக்குப் புத்தி சொல்கிறாள். உன்னிடம் மிஞ்சுவது உன் ஆன்மா ஒன்றுதான் என்கிறாள். ஆன்மா என்ற சொல்லைக் கேட்டாலே நமக்கு அலர்ஜி. பாபாசாகேப் காட்டிய பௌத்தம் ஆன்மாவை ஏற்பதில்லை. ஆனால் அங்கே அந்தச் சொல்லின் வரலாறு வேறு. 1865-இல் அடிமைமுறை சட்டப்படி ஒழியும்வரை கறுப்பரின் உடம்பு சந்தையில் விலைபோனது. பெற்ற பிள்ளையையும் விற்றார்கள். ஏலம் போட முடியாமல் மிஞ்சிய ஒன்றுக்கு அந்த மக்கள் வைத்த பெயர் அது. நாம் அதைச் சுயமரியாதை என்போம். எங்கள் பெண் தோழர் மறுபடி போடச் சொன்னது அந்தப் பாட்டைத்தான்.

கோபம் எங்கே என்று கேட்ட மாணவத் தோழருக்கும் ஒன்று சொல்லவேண்டும். 'ஃப்ரீடம் நவ்' பாட்டு மண்டேலாவுக்காக எழுதியது. தொகுப்பு வந்தபோது அவர் சிறையில் இருந்தார். 1990 பிப்ரவரி 11 அன்றுதான் வெளியே வந்தார். கத்தவில்லை என்பதால் கோபம் இல்லை என்று ஆகிவிடாது. நம் வீட்டுக் கிழவிகள் ஒப்பாரிக்குள்ளே ஊரையே வைது தீர்ப்பார்கள். அவர்கள் கத்துவதில்லை. ராகம் போட்டு இழுப்பார்கள், வையப்பட்டவனுக்கு மட்டும் உறைக்கும். நடுவில் காதல் பாட்டும் உண்டே, அது எதற்கு என்றார்கள். ஏன், ஒடுக்கப்பட்டவர் காதலிக்கக் கூடாதா? இருபத்துநாலு மணி நேரமும் காயத்தைத் திறந்து காட்டிக்கொண்டே இருக்கவேண்டுமா?

இதற்கு ஒரு பின்கதை உண்டு. 2023-இல் லூக் கோம்ப்ஸ் என்ற வெள்ளை நாட்டுப்பாடகர் 'ஃபாஸ்ட் கார்' பாட்டைத் தன் குரலில் பாடி வெளியிட்டார். அமெரிக்க நாட்டுப்பாடல் வானொலிப் பட்டியலில் அது முதலிடம் பிடித்தது. தனியாக எழுதிய பாட்டு அந்த இடத்துக்குப் போன முதல் கறுப்பினப் பெண் சாப்மன்தான். அந்த ஆண்டு நவம்பரில் நாட்டுப்பாடல் இசைச் சங்கத்தின் சிறந்த பாடல் விருது அவருக்கே போனது. பாட்டு வெளிவந்து 35 ஆண்டு கழித்து! 2024 பிப்ரவரியில் கிராமி மேடையில் இருவரும் சேர்ந்து பாடினார்கள். மறுபடி இரண்டு பேச்சு: இனபேதம் கரைகிறது என்று ஒரு பக்கம், கறுப்புப் பெண்ணின் பாட்டுக்கு வெள்ளை ஆணின் தொண்டை தேவைப்பட்டதே என்று மறுபக்கம். இரண்டாவது பேச்சு எனக்கு நியாயமாகப் படுகிறது. ஆனால் ஒன்றை மறக்கக் கூடாது. பாட்டின் உரிமை எழுதியவர் கையில் இருந்தது. தன் பாட்டை அனுமதியின்றி எடுத்தாண்டதற்காக 2018-இல் நிக்கி மினாஜ் என்ற பெரிய நட்சத்திரத்தின் மேல் அவர் வழக்குத் தொடுத்தார். 2021-இல் 4,50,000 டாலருக்கு அது முடிவுக்கு வந்தது. விற்க மாட்டேன் என்று சொன்னது வெறும் பாட்டு வரி அல்ல என்பதற்கு இது சாட்சி. நம் தெருக்களில் பிறந்த எத்தனை மெட்டுகள், பாடினவர் பெயரில்லாமல் 'நாட்டுப்புறம்' என்ற ஒற்றைச் சொல்லுக்குள் புதைக்கப்பட்டு விலைபோயின என்று நினைத்துப் பாருங்கள்.

தமிழில் 'கேட்பது' என்றால் செவிகொடுப்பதும்தான், அதிகாரம் செய்து வாங்குவதும்தான். நம் கலைஞர்களிடம் நாம் இரண்டாவதையே அதிகம் செய்கிறோம். விமர்சிக்க வேண்டாம் என்று சொல்லவில்லை. பலவீனமான வரியைப் பலவீனம் என்று சொல்லத்தான் வேண்டும். 'கிராஸ்ரோட்ஸ்' தொகுப்பிலும் முதல் தொகுப்பின் கதை வலு இல்லாத பாட்டுகள் உண்டு, எனக்கு அதில் சந்தேகமில்லை. ஆனால் ஒரு ஆள் பாட வந்தால் அவர் தலையில் மொத்தச் சமூகத்தையும் ஏற்றிவைத்து, 'தூக்கிக்கிட்டு ஆடு' என்று சொல்வது விமர்சனம் ஆகாது. எந்த ஆதிக்கசாதிப் பாடகனிடமும் அவனுடைய சாதி முழுவதற்குமான கணக்கை யாரும் கேட்பதில்லையே.

அடுத்த கூட்டத்தில் அதே தொகுப்பை முதல் பாட்டிலிருந்து பத்தாவது பாட்டுவரை, நடுவில் வாய் திறக்காமல் கேட்பது என்று முடிவு செய்திருக்கிறோம். கேட்டு முடித்ததும் முதலில் பேசப்போகிறவர் அந்தப் பெண் தோழர். எங்கள் முறை அவருக்குப் பிறகுதான்.

தோழமையுடன்,
ஆசிரியர்