நிரல் தெரிந்தால் மட்டும் போதுமா?

"தரவு அறிவியல் படித்தால் வேலை நிச்சயம், அதோடு பொருளியலைச் சேர்ப்பது வீண் சுமை." முதுகலைப் படிப்பைத் தேர்ந்தெடுக்க நிற்கும் மாணவர்களிடம் பலரும் சொல்லும் அறிவுரை இது. அதற்குச் சொல்லப்படும் காரணங்களை ஒவ்வொன்றாகப் பார்ப்போம். திருவனந்தபுரத்தை மையமாகக் கொண்டு வளர்ந்த ஆய்வு மரபும் கேரளத்தின் அனுபவமும் அவற்றுக்குப் போதிய பதில் வைத்திருக்கின்றன.

1. "தரவு ஏற்கெனவே குவிந்து கிடக்கிறது, அலசத் தெரிந்தால் போதும்."

வெளிநாட்டில் வேலை செய்யும் மலையாளிகள் எத்தனை பேர்? அரசுப் பதிவேடு எதிலும் முழு விடை கிடையாது. குடிபெயர்வு அனுமதி பெற வேண்டிய கடவுச்சீட்டுக்காரர்கள் மட்டுமே அந்த அனுமதியை வழங்கும் அரசு அலுவலகத்தின் கணக்கில் வருவார்கள். அதனால்தான் திருவனந்தபுரம் வளர்ச்சி ஆய்வு மையத்தில் கே.சி. சக்கரியாவும் எஸ். இருதயராஜனும் 1998இல் கேரள இடம்பெயர்வு ஆய்வைத் தொடங்கினார்கள். மாதிரி வீடுகளைத் தேர்ந்து, ஊரில் இருப்பவர்களிடம் போனவர்களைப் பற்றிக் கேட்டார்கள். 2013இல் சுமார் 24 லட்சமாக இருந்த எண்ணிக்கை 2018இல் சுமார் 21 லட்சமாகக் குறைந்தது இப்படித்தான் தெரியவந்தது. குடும்பத்தோடு போய்விட்டவர்களின் வீட்டில் பதில் சொல்ல ஆளில்லை என்பது இந்த முறையின் எல்லை. அந்த எல்லையை அறிந்து கணக்கைப் படிக்கக் கூறெடுப்பும் தெரிய வேண்டும், குடும்பப் பொருளாதாரமும் தெரிய வேண்டும்.

2. "எண்களே உண்மையைச் சொல்லும், கோட்பாடு எதற்கு?"

1971இல் பொருளியலறிஞர்கள் தாண்டேகரும் ராத்தும் வெளியிட்ட வறுமை மதிப்பீட்டில் கேரளத்தின் நிலை மிக மோசமாகத் தெரிந்தது. வளர்ச்சி ஆய்வு மையத்தின் பி.ஜி.கே. பணிக்கர் அதைக் கேள்விக்கு உள்ளாக்கினார். அன்றைய கேரளத்து ஏழை தன் கலோரியில் கணிசமான பங்கை மலிவான மரவள்ளிக்கிழங்கிலிருந்து பெற்றான். தானிய விலையை வைத்து வறுமைக்கோடு போட்டால் கணக்குத் தவறும் என்றார். எந்தக் கணினியும் இந்தப் பிழையைத் தானாகச் சுட்டியிருக்காது. மக்கள் எதை, எந்த விலையில், ஏன் வாங்குகிறார்கள் என்று கேட்கப் பழகியவருக்கே அது புலப்படும்.

3. "கணிப்பு சரியாக வந்தால் போதும், காரணம் தேவையில்லை."

கொள்கை வகுப்பவருக்குக் காரணம்தான் தேவை. பொருளியலறிஞர் ராபர்ட் ஜென்சன் 2007இல் வெளியிட்ட ஆய்வு இதற்கு நல்ல சான்று. வட கேரளக் கடற்கரையில் கைபேசிச் சேவை 1997இல் கோழிக்கோட்டுப் பகுதிக்கும், 1998இல் கண்ணூருக்கும், 2000இல் காசர்கோட்டுக்கும் வந்தது. சேவை வந்த இடங்களில் கடற்கரைக்குக் கடற்கரை இருந்த மத்தி மீனின் விலை வேறுபாடு சுருங்கியது, வாங்க ஆளின்றி வீணான மீன் ஏறக்குறைய இல்லாமல் போனது. கைபேசி படிப்படியாக வந்ததால்தான் விளைவைப் பிற காரணங்களிலிருந்து பிரித்துக் காண முடிந்தது. அந்தக் கால வரிசையில் ஓர் ஆய்வு வடிவம் இருப்பதைக் கண்டது பொருளியல் பயிற்சி. பிற்கால ஆய்வாளர்கள் இம்முடிவு எல்லாக் கடற்கரைக்கும் பொருந்துமா என்று கேட்டார்கள். அந்தக் கேள்வியும்கூட, கடனும் தரகும் மீன்பிடி முறையும் தெரிந்தவர்களிடமிருந்தே வந்தது.

4. "நிறுவனங்களுக்குப் பொருளியல் வேண்டாம்."

கூகுள் 2002இலேயே ஹால் வேரியன் என்ற பொருளியலறிஞரை அழைத்துக்கொண்டது. விளம்பர இடத்தை ஏலத்தில் விற்கும் நிறுவனத்துக்கு, ஏல விதி மாறினால் ஏலம் கேட்பவர் எப்படி மாறுவார் என்று தெரிந்தாக வேண்டும். நேற்றைய தரவு மட்டும் அதைச் சொல்லாது.

5. "இரண்டையும் சேர்த்தால் இரண்டிலும் அரைகுறை."

இந்த வாதத்தில் நியாயம் உண்டு. பழைய பாடத்திட்டத்தோடு இரண்டு மென்பொருள் தாள்களை ஒட்டிவிட்டுப் புதுப் பெயர் சூட்டினால் மாணவர் ஏமாறத்தான் செய்வார். அதனால் சேருமுன் பாடத்திட்டத்தைப் பாருங்கள். நுண்பொருளியல், பொருளியல் அளவையியல், கூறெடுப்பு, காரண ஆய்வு, நிரலாக்கம் ஆகிய ஐந்தும் இருக்கின்றனவா? மாணவர் களத்தில் தரவு திரட்டி ஆய்வேடு எழுத வேண்டுமா? இவை இருந்தால் அது அரைகுறைப் படிப்பாகாது.

இத்தகைய படிப்புக்குத் திருவனந்தபுரத்தில் அடித்தளம் தயாராகவே இருக்கிறது. பொருளியலறிஞர் கே.என். ராஜ் உருவாக்கிய வளர்ச்சி ஆய்வு மையம், கேரளப் பல்கலைக்கழகத்தின் காரியவட்டம் வளாகம், 2020இல் உருவான டிஜிட்டல் பல்கலைக்கழகம் ஆகிய மூன்றும் இங்கே உள்ளன. இவற்றின் மாணவர்கள் ஒருவர் வகுப்பில் மற்றவர் அமர்ந்து மதிப்பெண் பெற வழிசெய்ய வேண்டும். கேரளத்தின் அடுத்த பெரிய கேள்விகள் முதியோர் பெருக்கமும் வெளியேறும் இளைஞர்களும். அவற்றுக்கு விடை தேட இரண்டு துறையும் அறிந்தவர்கள் வேண்டும்.